தரிசு என்றொரு சொல்: பழனிமலையின் பைன் காடும் அதைக் காக்கப் போனவர்களும்

கொடைக்கானலுக்குப் போய்வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஏரி, தூண் பாறை, குணா குகை, அப்புறம் பைன் காடு என்பார்கள். தமிழ் சினிமாவின் காதலர்கள் இந்த மாதிரி மரங்களுக்கிடையேதான் ஓடினார்கள். பேய்களும் இங்கேதான் அலைந்தன. 'காடு' என்றதும் நம் கண்ணுக்குள் வருகிற படிமத்தில் பாதி இங்கிருந்து எடுத்ததுதான். நிமிர்ந்த மரங்கள், நடுவே சாய்வாக விழும் வெளிச்சம், காலடியில் மெத்தை மாதிரி ஊசிச்சருகு. புதர் கிடையாது, முள் கிடையாது, பாம்பு பயமும் கிடையாது. குழந்தைகளை ஓடவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். நடுத்தர வர்க்கம் எப்படிப்பட்ட காட்டை விரும்புமோ அப்படிப்பட்ட காடு.

ஒரே ஒரு சிக்கல். இது காடல்ல. ஒரு மரத்துக்கு நேராக நின்று பாருங்கள். அதன் முதுகுக்குப் பின்னால் அடுத்த பத்து மரமும் மறைந்துபோகும். நூல் பிடித்து நட்டது. சுற்றுலாக் கையேடுகள் 1906இல் பிரையன்ட் என்ற வனத்துறை அதிகாரி நட்டார் என்று எழுதுகின்றன. அவர் பெயரில்தான் 1908இல் ஏரிக்கரைப் பூங்கா வந்தது. மேலே மன்னவனூர், பேரிஜம் பக்கம் பரந்துகிடக்கும் பைன் தோட்டங்கள் அதற்கு வெகுகாலம் பிந்தியவை. அங்கே பெரும்பாலும் நிற்பது மெக்சிகோவிலிருந்து வந்த பட்டுலா பைன். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக எந்தப் பைனும் கிடையாது. தென்னிந்தியாவுக்கென்று சொந்தமாக இருக்கிற கூம்பு மர இனம் ஒன்றே ஒன்றுதான், மலையாளத்தில் நிறம்பல்லி என்பார்கள். அதுவும் பைன் அல்ல, இலையும் ஊசி அல்ல. நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்குகிற தேவதாருக் கட்டைகூட வடக்கேயிருந்து வருவதுதான்.

இந்தக் கட்டுரை அந்தத் தோட்டத்தின் கதை. நட்டவர்களின் கதை, பிடுங்க வேண்டும் என்று வந்தவர்களின் கதை, பிடுங்காதே என்று குறுக்கே நின்றவர்களின் கதை. முதல் வகையினர் சம்பளம் வாங்கினார்கள். மற்ற இரண்டு வகையினரும் 'தன்னார்வலர்கள்'. இந்தச் சொல்லோடு எனக்கிருக்கிற தகராறுக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிட வேண்டும். எம்.ஏ. தமிழில் குறிஞ்சித்திணை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். மலையும் மலை சார்ந்த இடமும். முருகன், குறவர், தினை, புணர்தல். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களையும் மனப்பாடம் செய்தேன். ஆனால் குறிஞ்சிச் செடி எங்கே வளரும் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மரம் அடர்ந்த காட்டுக்குள் எங்கோ பூக்கும் என்றே நினைத்திருந்தேன். 2018இல் அது பூத்தபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வெட்டவெளிப் புல் சரிவில், வெயிலில், காற்றில் நின்றது. நிழல் விழுந்த இடத்தில் இல்லை. திணைக்குப் பெயர் கொடுத்த செடியே புல்வெளிக்காரி. நம் உரையாசிரியர்களுக்கு இது தெரிந்திருக்கலாம். நம் பாடத்திட்டத்துக்குத் தெரியவில்லை.

பழனிமலையின் மேல்பகுதி, இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, இரண்டு விதமான நிலத்தால் ஆனது. மடிப்புகளில், ஓடை பிறக்கும் பள்ளங்களில், குட்டையான அடர்ந்த சோலை. இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் வெள்ளைக்காரத் தாவரவியலாளர்கள் 'ஷோலா' என்று எடுத்துக்கொண்டுபோய் உலகத்துக்குக் கொடுத்தார்கள். மேடுகளிலும் சரிவுகளிலும் புல். சோலையிலிருந்து காலை எடுத்து வைத்தால் புல். நடுவே இடைநிலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. காரணங்களில் முக்கியமானது உறைபனி. மார்கழி, தை இரவுகளில் வெட்டவெளியில் படிகிற பனி சோலை மரத்தின் கன்றைக் கருக்கிவிடும். புல் தாங்கும். மெக்சிகோ மலையிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த மரங்களும் தாங்கும். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பின்னால் நடந்த எல்லாமும் இருக்கிறது.

இந்தப் புல்வெளி 'சீரழிந்த காடு' என்று ஒரு வாதம் ரொம்ப நாள் ஓடியது. ஆதிவாசிகள் காட்டை எரித்து, மாடு மேய்த்துப் புல்லாக்கிவிட்டார்கள், அதை மறுபடி காடாக்குவது நம் கடமை என்பது வாதம். வசதியான வாதம். குற்றவாளியும் ரெடி, வேலைத்திட்டமும் ரெடி. 1993இல் சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்புப் படிவுகளில் இருந்த கரிமத்தை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதைச் சாய்த்துவிட்டது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே அங்கே புல் இருந்திருக்கிறது. தட்பவெப்பம் மாறமாறச் சோலையும் புல்லும் கூடிக் குறைந்து வந்திருக்கின்றன. புல்வெளி யாருடைய பாவமும் அல்ல.

*

இனி வரலாறு. 1821இல் வார்டு என்ற லெப்டினென்ட் நில அளவைக்காக ஏறினார். 1845இல் மதுரையின் அமெரிக்க மிஷன்காரர்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கீழே காலராவில் பெண்டாட்டி பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள், உயிருக்குப் பயந்து மேலே வந்தார்கள். 1863இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியாக்கினார். 1895இல் செம்பகனூரில் சேசு சபையாரின் கல்லூரி, 1899இல் சூரிய ஆய்வுக்கூடம், 1901இல் மிஷனரிக் குழந்தைகளுக்கான பள்ளி. இத்தனை வீட்டுக்கும் கணப்பு வேண்டும், கணப்புக்கு விறகு வேண்டும். சோலை மரம் மெதுவாக வளர்வது. வெட்டினால் திரும்ப வர ஒரு தலைமுறை போதாது. நீலகிரியில் 1832இல் அகேசியாவும் 1843இல் தைலமரமும் ஏற்கனவே இறங்கியிருந்தன. அதே கதை இங்கேயும் வந்தது.

விறகு மட்டும் காரணம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். காலனிய வருவாய்த்துறைக்கு ஒரு சொல்லாடல் இருந்தது. வரி தருகிற நிலம், வரி தராத நிலம். இரண்டாவதற்கு அவர்களுடைய கணக்கில் 'வீண் நிலம்' என்று பெயர், நம்முடைய கணக்குப்பிள்ளை அதைத் தரிசு என்று எழுதிக்கொண்டார். மாடு மேய்ந்தாலும், தேன் எடுத்தாலும், ஆறு பிறந்தாலும் தரிசு தரிசுதான். 1882இன் சென்னை வனச்சட்டம் காட்டை அரசாங்கத்தின் சொத்தாக்கியபோது காடு என்பதற்கு அளவுகோல் மரமானது. மரமில்லாத மலை, காலியாக இருக்கும் மலை. காலியாக இருப்பதை நிரப்ப வேண்டும் அல்லவா? இதில் ஒரு வேடிக்கை, அதே வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் புல்மேடுகள் தங்கள் ஊரை ஞாபகப்படுத்தின. நீலகிரியில் அவற்றுக்கு 'வென்லாக் டவுன்ஸ்' என்று பெயர் வைத்துக் குதிரையேறி வேட்டையாடினார்கள். ரசனைக்குப் புல், கணக்குக்கு மரம்.

இத்தோடு நிறுத்தினால் நம் இடதுசாரி நண்பர்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். ஏகாதிபத்தியம் செய்த அழிவு என்று தலைப்புப் போட்டு முடித்துவிடலாம். ஆனால் உண்மை அப்படி இல்லை. பழனிமலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. போன இடத்தில் நிற்பவை மரத்தோட்டங்களும் விவசாயமும். 1973இலிருந்து என்றால் யார் ஆண்ட காலம்? வெள்ளைக்காரனா? வார்டும் லெவிஞ்சும் ஆரம்பித்ததை மலை முழுக்கக் கொண்டுபோனது நாம் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த அரசுகள்.

எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். 1950இல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கினார். 1952இன் தேசிய வனக்கொள்கை, நாட்டில் மூன்றில் ஒரு பங்கு காடாக வேண்டும், மலைப்பகுதிகளில் 60 சதம் வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கை எட்ட மரம் வேண்டும், மரம் நட 'காலி' இடம் வேண்டும். இன்னொரு பக்கம் சுதேசித் தொழில். தோல் பதனிட வாட்டில் பட்டையின் சாறு தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாகிக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லின் தோல்ஷாப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஏன் நாமே விளைவிக்கக் கூடாது? சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை வந்தபோது மரக்கூழ் தேவைப்பட்டது. காகிதத்துக்கு நீளமான இழை வேண்டும், அது பைனில் இருக்கிறது. ஆக தோலுக்கு வாட்டில், துணிக்கு வாட்டிலும் தைலமரமும், தாளுக்குப் பைன். புல்வெளி மேல் ஒரு தொழிற்சாலையைப் படுக்கவைத்த மாதிரி. அதற்குத் தேசத்தின் தன்னிறைவு என்று பெயர். காங்கிரஸ் போய்க் கழகம் வந்தும் இந்த விஷயத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இங்கே மேலாண்மை எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள். அணை கட்டினால் எதிர்க்க ஆள் வரும். ஆலை கட்டினால் கேள்வி கேட்க ஆள் வரும். மரம் நட்டால்? 'மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்' என்று ஒன்றாங்கிளாஸிலேயே எழுதப் பழகிய நமக்கு மரம் நடுவதை எதிர்ப்பது தர்மவிரோதமாகப் பட்டது. கூழ் ஆலைக்கான பயிரும் நிழலுக்கான ஆலமரமும் ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொண்டன. நீலகிரி கிளன்மார்கனில் தைலமரம் நட்ட நீர்ப்பிடிப்பில் ஓடைத் தண்ணீர் ஏறக்குறைய 16 சதம் குறைந்தது என்று அரசாங்க மண்வள விஞ்ஞானிகளே 1988இல் எழுதினார்கள். பழனிமலையின் ஓடைகள் ஒருபக்கம் வைகைக்கும் மறுபக்கம் அமராவதிக்கும் போகின்றன. கீழே தேனியிலும் பழனியிலும் வாய்க்கால் தண்ணீருக்காக வெட்டுக்குத்து நடந்த வருஷங்கள் உண்டு. மேலே நடப்பட்ட பைனோடு அதைச் சேர்த்துப் பார்த்த ஒரு வரியைக்கூட நம் சிறுபத்திரிகைகளில் நான் படித்ததில்லை. நாம் தெரிதாவைப் படித்துக்கொண்டிருந்தோம். குற்றம் சொல்லவில்லை, நானும்தான்.

*

1985இல் கொடைக்கானலில் பழனிமலைப் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மலையில் வீடிருந்தவர்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள், கொஞ்சம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். வார்டும் மிஷனரியும் போட்ட பாதையில் வந்த வாரிசுகள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். ஒதுக்கிப் பார்த்தேன். ஒதுங்க மாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நாற்றங்கால் போட்டு மரக்கன்று வளர்த்து விநியோகித்தது. அந்தக் காலத்தில் சூழல் அக்கறை என்றால் மரம் நடுவதுதான். அவர்கள் மட்டும் வேறெப்படி இருக்க முடியும்? கீழ்மலைக் கிராமங்களில் அது பயனுள்ள வேலைதான். மேல்மலையில் எதை நடுவது, நட வேண்டுமா என்கிற கேள்வி பின்னால் வந்தது. அந்தக் கேள்வியைச் சாத்தியமாக்கியதில் பாதிரியார் கே.எம். மேத்யூவுக்குப் பெரிய பங்கு உண்டு. திருச்சி புனித வளனார் கல்லூரியின் ரபினத் தாவரசாலையை உருவாக்கியவர் அவர். 1969இலேயே கொடைக்கானலில் வெளியிலிருந்து வந்த செடிகளை மட்டும் தனியாகப் பட்டியலிட்டார், 1999இல் பழனிமலைத் தாவரங்கள் பற்றி மூன்று பாகங்களில் நூல் கொண்டுவந்தார். எது சொந்தம், எது வந்தேறி என்று செடிகளைப் பிரிக்கிற இந்த வேலையை மனிதர்கள் மேல் ஏற்றிப் பேசினால் ஆபத்து. செடியோடு நிறுத்திக்கொண்டால் அறிவு. நம்மூரில் ரெண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

1989 வாக்கில் கேரளத்துக்காரர்கள் சிலர் குறிஞ்சியைக் காப்பாற்றுங்கள் என்று கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நடந்தே போகத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் 2006இல் குறிஞ்சிமலை சரணாலயம் வந்ததில் அந்த நடைகளுக்குப் பங்கிருக்கிறது. இந்தப் பக்கம் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல்தான் வந்தது. ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர். அதில் எவ்வளவு நிலத்தில் வனமும் விலங்கும் இருக்கின்றன, எவ்வளவு நிலத்தில் கூழ் நிற்கிறது என்பது வேறு.

குழு மரத்தோடு நிற்கவில்லை. விதிமீறி எழும்பிய ஏழு மாடி ஓட்டல் ஒன்றின் மேல் வழக்குப் போட்டது. 1995இல் உச்சநீதிமன்றம்வரை போய் ஜெயித்தது. அந்த ஓட்டலுக்கு விதிவிலக்குக் கொடுத்தது தொடர்பான ஊழல் வழக்கில் 2000 பிப்ரவரி 2ஆம் தேதி முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2001இல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடையில், தீர்ப்பு வந்த அன்று தர்மபுரியில் ஒரு பேருந்தைக் கொளுத்தினார்கள். வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் எரிந்துபோனார்கள். மலைமேல் மாடி எண்ணிக்கொண்டிருந்த சில ஆங்கிலம் பேசும் ஆட்களுக்கும் தர்மபுரிச் சாலைக்கும் நடுவில் ஓடிய கண்ணி இது. 'மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு' என்று சூழலியத்தைச் சொல்கிறவர்கள் இந்தக் கண்ணியைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்தது பாதரசம். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பிரித்து எடுத்துவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980களின் நடுவில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது, பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. ஆலையின் சுவருக்கு அந்தப் பக்கம் பாம்பார் சோலை. உடைந்த கண்ணாடியும் பாதரசமும் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் அம்பலப்படுத்தியபின் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளிகள் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட்டது 2016இல். பதினைந்து வருஷம். இந்த ஒரு போராட்டத்தில்தான் சோலையை நேசித்தவர்களும் ஆலையில் கைவைத்து வேலை செய்தவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். சோலையின் மண்ணில் இருந்ததும் தொழிலாளியின் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச்சாக வந்ததும் ஒரே உலோகம் என்பது அவர்களை ஒன்றாக்கியது. நீண்டநாள் அப்படியே இருந்தார்களா என்று கேட்காதீர்கள்.

அதே பாம்பார் சோலையை ஒட்டி, 2001இல் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை வந்தது. பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் உள்ளூர்ப் பெண்களோடு சேர்ந்து சோலை மரங்களுக்கென்றே நாற்றங்கால் நடத்தினார்கள். சோலை மரத்தின் விதை லேசில் முளைக்காது. சிலது பறவை வயிற்றுக்குள் போய்வந்தால்தான் முளைக்கும், சிலது மாதக்கணக்கில் மண்ணில் சும்மா கிடக்கும். எது எப்போது பழுக்கும், எந்த ஈரத்தில் வைக்க வேண்டும் என்கிற அறிவு அந்த நாற்றங்காலில் வேலை செய்த பெண்களின் கையில் சேர்ந்தது. பழனிமலையில் மட்டுமே உள்ள, ருத்ராட்ச இனத்தைச் சேர்ந்த எலியோகார்பஸ் பிளாஸ்கோயி என்ற மரம் விரல்விட்டு எண்ணும்படி மிஞ்சியிருந்தது. அதற்கும் அங்கே கன்று வளர்ந்தது. அறிவியல் பெயர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இருக்கிறார்கள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் பெயர் எந்தத் தாவரத்துக்கும் வைக்கப்படவில்லை.

*

தொண்டு. இந்தச் சொல்லிடம் வருகிறேன். பக்தி இலக்கியத்தில் தொண்டு என்றால் அடிமைத் திறம். ஆண்டவனுக்கும் அவன் அடியார்க்கும் ஆட்பட்டுக் கிடப்பது. திராவிட இயக்கத்தில் தொண்டர் என்றால் தலைவனுக்காகச் சுவரொட்டி ஒட்டி, கடைசியில் தீக்குளிக்கவும் தயாரானவன். 1990களில் தொண்டு நிறுவனம் என்ற சொல் நம் இடதுசாரிகளிடம் வசவாகிப் போனது: வெளிநாட்டுக் காசு, அரசியல் நீக்கம், போராட்டத்தை மடைமாற்றுவது. 'தன்னார்வலர்' அதற்கப்புறம் வந்த, கை கழுவிய, நவீனமான சொல். தன் ஆர்வத்தால் வருகிறவர். அப்படியானால் ஆர்வப்பட நேரமும் வயிற்றில் சோறும் உள்ளவர் என்று அர்த்தம்.

இதில் எனக்கு அப்பரின் ஞாபகம் வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் கோயில் கோயிலாகப் போய் உழவாரம் கொண்டு முற்றத்துப் புல்லைச் செதுக்கினவர் அவர். நம் மரபில் சம்பளமில்லாமல் நிலத்தைப் பராமரித்த முதல் ஆள் என்றே சொல்லலாம். அவர் செதுக்கியது புல்லை. புல் அங்கே அசுத்தம். வெளி சுத்தமாக, கல்லாக இருக்க வேண்டும். பழனிமலையில் உழவாரம் தலைகீழானது. புல்லுக்காக மரத்தைப் பிடுங்குகிறார்கள். கோயிலும் இல்லை, அடியாரும் இல்லை, ஆட்பட வேண்டிய ஆண்டவனும் இல்லை. ஆனால் 'இந்த இடம் எனக்குத் தெரியும், இது எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்' என்கிற நிச்சயம் ரெண்டு இடத்திலும் இருக்கிறது. அந்த நிச்சயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

வட்டக்கானல் போகிற வழியில் விறகுச் சுமையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏன்க்கா, பைன் விறகு எரிப்பீங்களா?"

"அது பிசின் தம்பி. புகை கண்ணை அவிச்சுரும், சட்டியெல்லாம் கரி. வாட்டிலுதான் நின்னு எரியும்."

"வாட்டில், பைன் எல்லாத்தையும் வெட்டணும்னு கோர்ட்டுல சொல்றாங்களாமே?"

"வெட்டட்டும். வெட்டுனதுல எங்களுக்கு என்ன குடுப்பாங்க?"

புல்லைப் பற்றிக் கேட்டேன். அவருடைய மாமியார் காலத்தில் அந்த மேடெல்லாம் மாடு மேய்ந்ததாம். இப்போது மாடு இல்லை, காஸ் வாங்கக் காசில்லை, வாட்டில் இருக்கிறது. அவர் பார்வையில் வாட்டில் படையெடுப்பும் அல்ல, வரமும் அல்ல; இன்றைய சமையல். இவரை எந்தப் பட்டியலில் வைப்பது? சோலைக்குள் நுழைந்து பச்சை மரம் வெட்டாமல் இந்த வெளிநாட்டு மரம்தான் இவர்களைத் தடுத்திருக்கிறது என்று வனத்துறையில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

பளியர் விஷயம் இதைவிட மோசம். அந்த மலையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களை யாரும் தன்னார்வலர் என்று கூப்பிட்டதில்லை. தீ அணைக்கவும் தாவரம் தேடிக் கொடுக்கவும் கூலிக்கு அழைத்தார்கள். 2006இன் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டைக் காக்கிற உரிமையையே கொடுத்திருக்கிறது. அது காகிதத்தில் இருக்கிறது. 'கா' என்றால் சோலை, 'கா' என்றால் காப்பாற்று. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்று அகராதிக்காரர்கள் சண்டை போடட்டும். கா யாரிடம் இருந்ததோ அவர்களிடமிருந்து காவலைப் பிடுங்கிச் சீருடைக்காரனுக்குக் கொடுத்தது 1882. அதில் ஒரு துண்டை வாங்கித் தன்னார்வலருக்குக் கொடுத்தது நம் காலம்.

*

இனி சண்டை. பைனை என்ன செய்வது?

ஒரு தரப்பு: வெட்டு. இது மலையின் நீரைக் குடிக்கிற கூழ்ப்பயிர். பைன் விதைக்குச் சிறகுண்டு, காற்றில் பறந்து மிச்சமிருக்கும் புல்வெளியில் இறங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் ஓரம் நகர்கிறது. ஊசிச்சருகு சேர்ந்து கோடையில் தீப்பிடிக்கிறது. தீ பட்டால் பட்டுலா பைனின் மூடிய காய்கள் வெடித்து விதை கொட்டும், ஆக தீயும் அதற்குச் சாதகம்.

மறுதரப்பு, வட்டக்கானல்காரர்கள் முன்வைத்தது: அவசரப்படாதே. பல தோட்டங்களில், பக்கத்தில் சோலை இருக்கிற இடங்களில், பைனின் நிழலில் உறைபனி படியாமல் சோலை மரக்கன்றுகள் எழும்பிவிட்டன. எதிரி செவிலியாகிவிட்டது. மொத்தமாக வெட்டி லாரியில் இழுத்தால் அந்தக் கன்றுகளும் போகும். வெட்டின இடத்தில் புல் திரும்பாது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கிற வாட்டில் விதை வெளிச்சம் பட்டதும் பாய் விரித்த மாதிரி முளைக்கும். பைனை எடுத்து வாட்டிலை வாங்கிக்கொள்வீர்கள்.

இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. வெவ்வேறு நிலத்தைப் பற்றிச் சொல்கின்றன, அவ்வளவுதான். சோலைக்காரர்களுக்குச் சோலை திரும்பினால் வெற்றி. புல்வெளிக்காரர்களுக்கு அது இன்னொரு தோல்வி, ஏனென்றால் அந்த இடம் சோலையாக இருந்ததே இல்லை. 'இயற்கை' என்று ஒற்றைப் பிரதி இல்லை என்பதை ரெண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன. எந்த வருஷத்து மலையை மீட்பது? 1820ஆ, 1973ஆ? வெப்பம் கூடி உறைபனி குறைந்தால் 1820இன் புல்லை அங்கே எது காப்பாற்றும்?

நீதிமன்றம் இதற்குள் நுழைந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றி வனத்தை மீட்பதற்கென்று ஒரு கொள்கையும் வெளியிட்டது. கொள்கையில் குறையில்லை. என் பயம் வேறு. முதுமலையில் சென்னா என்கிற மஞ்சள் கொன்றையை அகற்றியபோது மரம் அரசின் காகித ஆலைக்குத்தான் போனது. நட்டதும் கூழுக்கு, வெட்டுவதும் கூழுக்கு. டன் கணக்கு பார்க்கிற ஆலைக்குப் பெரிய மரம் வேண்டும், முழங்கால் உயரக் கன்று வேண்டாம். ஆனால் புல்வெளியைத் தின்றுகொண்டிருப்பது அந்த முழங்கால் உயரக் கன்றுதான். அதைப் பிடுங்குவதில் யாருக்கும் லாபமில்லை. ஆகவே அந்த வேலை மட்டும் தன்னார்வலர்களுக்கு விடப்படுகிறது.

என் கருத்தைக் கேட்டால், மிஞ்சிய புல்லை முதலில் காப்பாற்ற வேண்டும். தோட்டத்தின் ஓரத்திலிருந்து வெளியே தாவும் கன்றுகளை வருஷா வருஷம் எடுக்க வேண்டும். உள்ளே சோலை எழும்பின தோட்டத்தைத் தொடக் கூடாது. இதைக் கூலி கொடுத்து, மலைக்கிராமத்துப் பெண்களையும் பளியர் கிராம சபைகளையும் வைத்துச் செய்ய வேண்டும். வெட்டின வாட்டில் அவர்கள் அடுப்புக்குப் போக வேண்டும். சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கும் அந்தப் பழைய பைன் தோட்டத்தை அப்படியே விடலாம். மூடின ஆலையின் புகைபோக்கியைச் சின்னமாக நிறுத்திவைக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கித்தான் மலையேற வேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அவர்களுக்கும் ஓரிடம் வேண்டுமே.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பிடுங்குகிற கூட்டத்தோடு நானும் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், கூலிக்கு வந்த இரண்டு பெண்கள், வழிகாட்ட ஒரு பளியர் இளைஞர். பட்டுலா பைன் கன்றை அடையாளம் காண்பது சுலபம், ஊசிகள் மும்மூன்றாகத் தொங்கும். இரண்டு வயதுவரை கையால் வந்துவிடும். அதற்கு மேல் அரம்பம் வேண்டும். நான் வேகமாகப் பிடுங்கிக்கொண்டு போனேன். அந்த இளைஞர் பின்னாலேயே வந்து, நான் மிதித்துவிட்டுப் போன ஒரு குட்டைச் செடியை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். குறிஞ்சி, 2018இல் விழுந்த விதை, இன்னும் பூக்க வயசாகவில்லை என்றார். கூலிக்கு வந்த பெண்களில் ஒருவர், மத்தியானச் சோறு எத்தனை மணிக்கு என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.